கொழும்பு வெள்ளியும் ஸ்ரீவைகுண்டத்து ரூபாயும்

என் மாமனார் எதையும் ஒரு தடவை கேட்டு நம்பியதில்லை. "என்ன சொன்னீய, மாப்பிள்ளே?" என்பார். சொல்வேன். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்பார். முதலில் சொன்னதற்கும் பிறகு சொன்னதற்கும் ஒரு சொல்லாவது மாறுகிறதா என்று பார்க்கிறார், வக்கீல் சாட்சியை மடக்குவது போல மடக்கப் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெண்ணைக் கொடுத்த மனிதர் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதே வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் அவருக்கு ஆற்றுப் பாசனத்தில் நல்ல வயல், வாழைத் தோட்டம். சந்தேகம் அதைவிடப் பெரிய சொத்து. வாழைக்காய் வாங்க வருகிறவன் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுண்டி, காதருகே கொண்டுபோய்க் கேட்டு, தலையாட்டிய பிறகுதான் மடியில் போடுவார். சொந்தத் தங்கை திருப்பிக் கொடுத்த கைமாற்றையும் அப்படித்தான் வாங்கினார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு அதில் பெருமைதான். பணம் இருந்த பெட்டியின் சாவி மட்டும் மூத்த மகன் இடுப்பில் இருந்தது. என் மனைவிக்கு அண்ணன், எனக்கு மச்சான். உலகத்தில் மாமனார் சுண்டிப் பார்க்காத ஒரே பொருள் அந்த மகன்.

நான் அப்போது கொழும்பில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பணம் வாங்கிப் போடும் வேலையில் இருந்தேன். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை கள்ளக்காசா என்று ரூபாயைக் கல்லில் போட்டு ஓசை பார்ப்பதும் எண்ணுவதும்தான் என் பிழைப்பு. மனைவி அவள் அப்பா வீட்டிலேயே இருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு அறுப்புக் காலம் தேறாது. அவள் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டால் மச்சான் எதையாவது சொல்லுவான். பாளையங்கோட்டையில் ஒரு கடையும், கடைக்குப் பின்னால் இரண்டு அறையும் வாடகைக்குப் பேசி வைத்திருந்தேன். அதற்கு முன்பணம் கொடுக்க நான் சேர்த்து வைத்திருந்தது நூற்றைம்பது ரூபாய்க்குள்தான். அந்தப் பணம்தான் நாங்கள் தனிக்குடித்தனம் போக இருந்த வழி. வேறு வழி எனக்கு இல்லை.

அந்த வருஷம் நான் விடுப்பில் வந்திருந்தபோது மனைவியின் தங்கைக்கு முக்கூடலில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்கள் இருநூறு ரூபாய் எடை வெள்ளியில் தட்டு, பன்னீர்ச்செம்பு, சந்தனக் கும்பா என்று சீர் கேட்டார்கள். ஒரு ரூபாயின் எடைதான் வெள்ளிக்கு எங்கள் பக்கத்து அளவு. ஆகவே இருநூறு ரூபாயைத் தராசில் போட்டால் எவ்வளவோ அவ்வளவு வெள்ளி வேண்டும்.

திருநெல்வேலிக் கடையில் ரூபாய் எடைக்குப் பன்னிரண்டு அணா சொல்லியிருந்தார்கள். மாமனாருக்கு அந்த விலையும் பிடிக்கவில்லை, அந்தக் கடைக்காரர் சிரித்த விதமும் பிடிக்கவில்லை.

"கொழும்புல எம்புட்டு?" என்றார்.

கொழும்பில் அவுன்ஸ் கணக்கு. மூன்று அவுன்ஸ் போட்டால் எட்டு ரூபாய் எடை. அவுன்ஸ் ஒன்று ஒரு ரூபாய் ஐம்பத்தெட்டுச் சதம். நம் கணக்குக்கு மாற்றினால் ஒன்பதரை அணாதான் வரும். நான் விரலை மடக்கிச் சொன்னேன். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அதென்னவே, ஒரே வெள்ளி கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெல, இந்தப் பக்கம் ஒரு வெல?"

"தூத்துக்குடியில சுங்கத் தீர்வை உண்டு மாமா. சர்க்கார் இப்பக் கூட்டியிருக்கு. அதக் கட்டினா பதினோரு அணா ஆயிரும். அப்பவும் ஒரு அணா லாபம்."

"தீர்வைய யாரு கட்டுதா?" என்றான் மச்சான். "மடியில கட்டிக்கிட்டு இறங்கி வாரதுதான?"

"எனக்கு மடியும் ஒண்ணுதான் மச்சான், கழுத்தும் ஒண்ணுதான்" என்றேன்.

மாமனாருக்கு இரண்டு பக்கமும் சந்தேகம். திருநெல்வேலிக்காரன் செம்பு கலப்பான். கொழும்புக்காரனை யார் கண்டது? இரண்டும் வேண்டாம், பெட்டியில் இருக்கிற ரூபாயையே உருக்கிவிட்டால் என்ன என்றார். சர்க்கார் முத்திரை போட்ட வெள்ளிக்கு மேல் நம்பிக்கையானது எது? ரூபாய்க்குள் இருக்கும் வெள்ளியை உருக்கிக் கடையில் போட்டால் பத்து அணாதான் கிடைக்கும் என்று நான் சொன்னேன். பதினாறு அணா ரூபாயில் முத்திரைக்குத்தான் மிச்ச ஆறு அணா. உருக்கினால் அந்த ஆறு அணா புகையோடு போய்விடும்.

"அப்போ சர்க்காரே நம்மள ஏமாத்துதுன்னு சொல்லுதீயளா?"

நான் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அந்த வீட்டில் நான் சொன்னது போலீஸ் ஸ்டேஷன்வரை போகாது என்பதற்கு என்ன உறுதி?

கடைசியில் கொழும்பு என்றுதான் முடிவானது. ஆனால் முன்பணம் தர மாட்டார். "பொருள் வரட்டும், பணம் எண்ணித் தாரேன்." ஆக என் நூற்றைம்பதில்தான் வெள்ளி வாங்கவேண்டும். கிணற்றடியில் என் மனைவி அதைக் கேட்டதும் தோண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

"அந்தப் பணம் இங்கன மாட்டிக்கிட்டா நான் இந்த வீட்டுலயே கெடந்து சாக வேண்டியதுதான்" என்றாள். "அண்ணன் சும்மா இருக்க மாட்டான். நல்லா யோசிச்சுக்கிடுங்க."

யோசித்தேன். மறுத்தால் மாமனாருக்கு அதுவே சந்தேகமாகிவிடும் என்று தோன்றியது. சரி என்றேன்.

கொழும்புக்குத் திரும்பி, ஆறு மாதம் கழித்து வேலையை விட்டுவிட்டு, இருநூறு ரூபாய் எடைக்குச் சரியான எழுபத்தைந்து அவுன்ஸ் வெள்ளிப் பாளம் ஒன்றை வாங்கிக்கொண்டு கப்பலேறினேன். வெள்ளி விற்ற கடைக்காரன் என் ரூபாயை இரண்டு தடவை கல்லில் போட்டான். நான் அவன் பாளத்தை மூன்று இடத்தில் நகத்தால் கீறினேன். இரண்டு பேருக்கும் திருப்தி. கப்பல் தட்டில் பக்கத்தில் படுத்திருந்த நம்மூர்க்காரர் ஒருவர், துணி மூட்டைக்குள் கனமாக என்ன என்று கேட்டார். மாசிக் கருவாடு என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு அவர் ஒரு துண்டு கேட்டு விடிய விடிய நச்சரித்தார். தூத்துக்குடியில் கப்பல் நடுக்கடலில் நின்றது. படகில் கரைக்கு வந்து சுங்கத்தில் பாளத்தை எடுத்து வைத்து, தீர்வையைக் கட்டி, ரசீதும் வாங்கினேன். அவிழ்த்ததைப் பார்த்த கப்பல் நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்ரீவைகுண்டத்தில் மாமனார் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது முற்றத்தில் ஆசாரி ஏற்கெனவே உலை போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டு வெள்ளியை ஆசாரி பட்டறைக்கு அனுப்பும் வழக்கம் அங்கே கிடையாது. ஆசாரிதான் உளியும் துருத்தியுமாக வீட்டுக்கு வரவேண்டும். எதிரே ஒரு பலகையைப் போட்டு மச்சான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். வேலை முடிந்தபின் சாம்பலைக்கூட வீட்டுக்காரர்கள்தான் கூட்டி அள்ளுவார்கள். ஆசாரிக்கு இதெல்லாம் பழகிப் போயிருந்தது.

பாளத்தை வைத்தேன். ரசீதை வைத்தேன். மாமனார் ரசீதை ஒதுக்கிவிட்டு, ஆசாரியின் படிக்கற்களையும் ஒதுக்கினார். "எடைக்கு எங்கிட்ட ரூவா இருக்கு." மச்சான் பெட்டியைத் திறந்து பையை எடுத்துவந்தான். பாளம் ஒரு தட்டில். இன்னொரு தட்டில் மச்சான் ஒவ்வொரு ரூபாயாகப் போட, மாமனார் உரக்க எண்ணினார்.

ணங், ணங் என்று விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஒன்று டொக் என்றது. என் காது தானாக நிமிர்ந்துகொண்டது. நாலு வருஷம் அதே வேலையாக இருந்த காது. இன்னும் சில ணங். மறுபடி ஒரு டொக். நான் மச்சான் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் போட்டுக்கொண்டே இருந்தான்.

இருநூறு முடிந்தும் பாளம் இருந்த தட்டு மேலே வரவில்லை. இன்னும் நாலு போட்ட பிறகுதான் முள் நேராக நின்றது.

குறைந்திருந்தால் என்னைத் திருடன் என்றிருப்பார்கள், அதற்கு நான் தயாராகவே வந்திருந்தேன். கூடியிருந்தது. அது அதைவிட மோசம் என்பது அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

"கூட இருக்கே" என்றார் மாமனார், பாம்பைக் கண்டவர் போலப் பின்னால் நகர்ந்து. "கொழும்புக்காரன் உங்களுக்கு என்ன அண்ணனா தம்பியா, சும்மா அள்ளிக் குடுக்கதுக்கு?"

"உள்ள ஈயம் வச்சு ஊத்தியிருப்பான்" என்றான் மச்சான். "ஈயம்தான் கனக்கும்."

கதவோரம் என் மனைவி நின்றிருந்தாள். அவள் கண் பாளத்தின் மேல் இல்லை, என் மேல் இருந்தது. இந்தப் பாளம் பொய்யென்றால் பாளையங்கோட்டையும் பொய்.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். உங்கள் ரூபாயில் கள்ளக்காசு கலந்திருக்கிறது, அது எடை குறைவு, அதனால்தான் என் வெள்ளி கூடுதலாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? கொழும்பிலிருந்து கள்ள ரூபாயையும் நான்தான் கொண்டுவந்து கலந்தேன் என்பார்கள்.

"வெட்டும் வே" என்றார் மாமனார் ஆசாரியிடம்.

"அண்ணாச்சி, பாளத்து முத்திரை போயிரும். பொறகு திருப்பிக் குடுக்க முடியாது பாத்துக்கிடுங்க."

"வெட்டும்ங்கேன்."

உளி விழுந்தது. ஐந்து துண்டாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டிலும் உள்ளே வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை. மாமனார் ஒவ்வொரு வெட்டு வாயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிதறிய தூளை எச்சில் விரலால் தொட்டுத் தொட்டு அவரே எடுத்துவைத்தார். பிறகு ஆசாரி யாரையும் கேட்காமல் தன் படிக்கற்களைப் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தார். இருநூறு ரூபாய் எடை, சரியாக.

"பழைய ரூவால்லா அண்ணாச்சி, தேஞ்சிருக்கும்" என்றார் ஆசாரி.

"ஆமா, ஆமா, தேஞ்ச ரூவாதான்" என்றான் மச்சான். கேட்பதற்கு முன்னால் பதில் சொல்கிறவனை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

மாமனார் தலையசைத்தார். வருத்தம் என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வந்த வேலை முடிந்தது, நாளைக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு இவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வண்டி வாசலில் நின்றது. என் மனைவியின் பெட்டியும் இரண்டு பித்தளைப் பானையும் ஏறிவிட்டன. மாமனார் அதே பையை மடியில் வைத்துக்கொண்டு நூற்று முப்பத்தேழரை ரூபாயை எண்ணித் தர உட்கார்ந்தார். எனக்குத் தருகிற பணத்தையும் அவர் சுண்டிப் பார்த்தார். ஒன்றை எடுப்பார், நகத்தில் வைத்துச் சுண்டுவார், காதருகே கேட்பார், தலையாட்டுவார், என் முன்னால் வைப்பார்.

அதில் டொக் என்றதையும் அப்படியே தலையாட்டி வைத்தார்.

என் கண்ணுக்கு முன்னாலேயே வைத்தார். ஒன்றல்ல, இரண்டல்ல. நல்லது சில, கெட்டது ஒன்று. ஒவ்வொரு தடவையும் அதே தலையாட்டல். இந்தக் கிழவர் நெஞ்சழுத்தம் எவ்வளவு பெரியது என்று நான் மலைத்துப்போனேன். மகள் வாழப் போகிற பணத்திலேயே செல்லாக்காசைத் தள்ளுகிறார், அதையும் பரிசோதித்துத் தருவதாக நடிக்கிறார்! நான் ஒரு ரூபாயை எடுத்து விரலில் வைத்தேன்.

"நம்ம வீட்டுப் பணத்தையா சுண்டிப் பாக்கீய?" என்றான் மச்சான், பக்கத்தில் நின்றபடியே. "அப்பா பாத்துத்தான தாராவ."

மனைவி ஏற்கெனவே வண்டிக்குள் இருந்தாள். நான் ரூபாயைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் துண்டில் கட்டிக்கொண்டு ஏறினேன்.

ஊர் எல்லை தாண்டியதும் அவளிடம் கொட்டிவிட்டேன். உன் அப்பா என்னை ஏமாற்றிவிட்டார், அதுவும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்றேன்.

"அப்பா எல்லாரையும் சந்தேகப்படுவாவ" என்றாள் அவள். "ஆனா ஒரு சல்லி யாரையும் ஏமாத்தினதில்ல."

துண்டை என் மடியிலிருந்து பிடுங்கி, பித்தளைப் பானையைக் கவிழ்த்து அதன்மேல் ஒவ்வொன்றாகப் போட்டாள். வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். டொக் என்றவற்றை முந்தானையில் தனியாகச் சேர்த்துக்கொண்டே வந்தாள். இருபதை நெருங்கியதும் நிறுத்தினாள். முகம் கறுத்துவிட்டது.

"வண்டியத் திருப்புங்க" என்றாள் வண்டிக்காரரிடம்.

நான் வேண்டாம் என்றேன். கொஞ்சம் நஷ்டமானாலும் போகட்டும், தப்பித்தோமே என்றேன். அவள் காதில் வாங்காமல் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முற்றத்தில் ஆசாரி தட்டுக்கு வெள்ளியைத் தகடாக்கிக்கொண்டிருந்தார். மச்சான் பலகையில் இருந்தான். மாமனார் தூணில் சாய்ந்திருந்தார். என் மனைவி நேராகப் போய் முந்தானையை உதறி அத்தனை ரூபாயையும் உளிக்குப் பக்கத்தில் கொட்டினாள்.

"அப்பா, நேத்து அவிய கொண்டுவந்தத வெட்டிப் பாத்தீயள்லா? இதையும் வெட்டிப் பாத்துருவோமா?"

மாமனாருக்கு முகம் சிவந்தது. ஒரு ரூபாயை எடுத்தார். நகத்தில் வைத்துச் சுண்டினார். முற்றம் முழுக்க டொக் என்று கேட்டது. வாசலில் நின்ற வண்டிக்காரருக்கும் கேட்டிருக்கும். மாமனார் அதைக் காதருகே வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, நிதானமாகத் தலையாட்டினார்.

"நல்லாத்தானட்டீ இருக்கு? கணீர்னு கேக்கே."

ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒரு பேச்சை அவர் ஏன் இரண்டு தடவை கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனிதர் பேசுவது கொஞ்சம் கேட்கும். வெள்ளியின் கணீரும் கள்ளக்காசின் டொக்கும் அவருக்கு ஒன்றாகிப் போய் எத்தனை நாளாயிற்றோ. அதை ஊரில் யாருக்கும் தெரியாமல், தினமும் சுண்டிச் சுண்டி மறைத்து வைத்திருந்தார். பெட்டிச் சாவி வைத்திருந்தவனுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது.

மச்சான் சாக்கடைத் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆசாரி உளியை வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ரூபாய் இரண்டாகப் பிளந்தது. உள்ளே அழுக்குச் சாம்பல் நிறம். மாமனார் இரண்டு பாதியையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண் நன்றாகத்தான் தெரிந்தது அவருக்கு. வெகுநேரம் பார்த்தார். பிறகு மகனை ஏறிட்டார். மகன் எழுந்து இடுப்புச் சாவியை அவிழ்த்துப் பலகையில் வைத்துவிட்டுப் பின்கட்டு வழியாகப் போனான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பெற்றவர் ஏதாவது கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

"மாப்பிள்ளைக்கு நேத்தே கேட்டிருக்கும், இல்லையா?" என்றார் என்னிடம்.

"கேட்டுது மாமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீயளா?"

அதை அவர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லவில்லை.

பையை எடுத்து, மிச்சமிருந்த ரூபாயை எல்லாம் என் மனைவியின் முன்னால் கொட்டினார். அம்மிக்கல்லை இழுத்து அருகே வைத்தார். "நீ போடு" என்றார். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கல்லில் போட்டாள். நல்லதை வலப்பக்கமும் கெட்டதை இடப்பக்கமும் ஒதுக்கினாள். எங்கள் நூற்று முப்பத்தேழரை முழுசாகச் சேர மதியமாகிவிட்டது. அவ்வளவு நேரமும் மாமனார் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ரூபாயைக்கூட அவர் பார்க்கவில்லை. ஒவ்வொன்று விழும்போதும் மகள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.